முடுக்கமா, திசைவேகமா? மும்பை வாசகர்களின் கேள்விகள்

மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகும் ரயில் 40 விநாடியில் நிற்கிறது. முடுக்கம் 1.8 என்கிறான் மகன். புத்தகத்தில் −0.5 என்று இருக்கிறது. எது சரி? (ஒரு தாய், செம்பூர்)

புத்தகம்தான் சரி. திசைவேகம் என்றால் திசையையும் சேர்த்துச் சொல்லும் வேகம்; அது ஒரு விநாடிக்கு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் முடுக்கம். பையன் 72-ஐ 40-ஆல் வகுத்திருக்கிறான். வகுத்தது சரி, அலகுதான் தப்பு. வேகம் மணிக்கணக்கில் இருக்கிறது, நேரம் விநாடிக்கணக்கில். முதலில் 72-ஐ 5/18-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். (1,000 மீட்டரை 3,600 விநாடியால் வகுத்துச் சுருக்கினால் வருவதுதான் இந்த 5/18. தெரியாமல் மனப்பாடம் செய்பவர்கள் பரீட்சையில் 18/5 போட்டுவிட்டு வருவார்கள்.) விநாடிக்கு 20 மீட்டர் என்று வரும். கடைசித் திசைவேகம் 0, தொடக்கம் 20, கழித்தால் −20. அதை 40-ஆல் வகுத்தால் −0.5. கழித்தல் குறியை விட்டுவிட்டால் ரயில் நிற்காது, வேகம் எடுக்கும்!

நிற்பதற்குள் எவ்வளவு தூரம் போகும் என்றும் அடுத்துக் கேட்பார்கள். பிரேக் சீராகப் பிடித்தால் 20-க்கும் 0-க்கும் சராசரி 10. 40 விநாடிக்கு 400 மீட்டர். பன்னிரண்டு பெட்டி லோக்கல் ரயிலின் நீளத்தைவிட அதிகம்.

மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அப்போது முடுக்கமும் பூஜ்யம்தானே? (மாணவி, மாட்டுங்கா)

இல்லை. அப்படியானால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்குமே! உச்சிக்கு ஒரு விநாடி முன்னால் அது விநாடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் மேலே போகிறது. ஒரு விநாடி கழித்து அதே 9.8-இல் கீழே வருகிறது. இரண்டு விநாடியில் மாற்றம் 19.6. அப்புறம் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் ஆனது திசைவேகம் மட்டும்.

லோக்கல் முழு வேகத்தில் ஓடும்போது கைப்பிடி இல்லாமலே நிற்க முடிகிறது. ஸ்டேஷன் வந்தால் தள்ளுகிறதே? (தாராவி)

நேர்ப்பாதையில் சீராக ஓடினால் முடுக்கம் இல்லை. உடம்புக்குத் தெரிவது முடுக்கம்தான், வேகம் அல்ல. பிரேக் பிடித்ததும் கைப்பிடிகள் எல்லாம் முன்பக்கம் சாய்வதைக் கவனியுங்கள். வண்டி நின்ற கணத்தில் பின்னால் வந்து ஆடும்; எதிர்முடுக்கம் அந்த நொடியோடு தீர்ந்துவிட்டது.

போகும்போது 60, அதே வழியில் திரும்பும்போது 40. சராசரி 50 என்று எழுதினேன், தப்பு என்கிறார் சார். (தாணே)

சார் சொன்னது சரி. 120 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள்: போக 2 மணி, வர 3 மணி. 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48. சராசரித் திசைவேகம் கேட்டிருந்தால் பூஜ்யம் என்று எழுதுங்கள். திரும்பி வீட்டுக்கே வந்துவிட்டீர்களே, மொத்தத்தில் இடம் மாறவே இல்லை.