சாவி மட்டும் போதாது, எண்ணும் வேண்டும்: காருக்கான கீபேட் பூட்டு பற்றிக் கேள்வி பதில்

எண்ணை அழுத்தினால்தான் இன்ஜின் கிளம்பும் என்றபடி காரில் ஒரு பூட்டு அமைப்பது பற்றிப் பெங்களூருத் தமிழர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஜே.சி. ரோட்டுப் பக்கம் நெடுங்காலமாகக் கார் மின்வேலை செய்துவருபவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (பொறியியல் மாணவர், அல்சூர்): அண்ணா, ஆர்டுயினோ, 4×4 கீபேட், ஒரு ரிலே (சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் இணைக்கும், நிறுத்தினால் துண்டிக்கும் மின்சுவிட்ச்) வைத்து இறுதியாண்டு புராஜெக்ட் செய்திருக்கிறோம். மேசைமேல் நன்றாக ஓடுகிறது. அப்படியே அப்பாவின் காரில் பொருத்தலாமா?

பதில்: பொருத்தாதீர்கள், தம்பி. மேசைமேல் உங்களுக்குக் கிடைப்பது சீரான மின்சாரம், காரில் அது கிடைக்காது. ஸ்டார்ட்டர் சுழலத் தொடங்கும் கணத்தில் 12 வோல்ட் பேட்டரி 6, 7 வோல்ட் வரை சரியும். நீங்கள் பயன்படுத்தியிருக்கக்கூடிய 7805 ரெகுலேட்டருக்கு (மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகம்) ஏறக்குறைய 7 வோல்ட் உள்ளே வந்தால்தான் வெளியே 5 வோல்ட் நிற்கும். அது சரிந்ததும் கன்ட்ரோலர் (உங்கள் ஆர்டுயினோ) ரீசெட் ஆகும், ரிலே இணைப்பை விடும், ஸ்டார்ட்டர் நின்றுவிடும். உடனே மின்னழுத்தம் மீண்டு வந்து, திரை மறுபடி எண்ணைக் கேட்கும். சரியான எண்ணையே நாள் முழுக்க அழுத்தினாலும் கார் கிளம்பாது.

உள்வரும் வழியில் ஒரு டையோடு, அதன்பின் 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், குறைந்த மின்னழுத்தத்திலும் தாங்கும் ரெகுலேட்டர் ஆகிய மூன்றும் இருந்தால் அந்தச் சரிவைக் கடக்கலாம். எதிர்த்திசை ஆபத்தும் உண்டு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனை கழன்றால் ஆல்டர்னேட்டர் ஒரு கணத்துக்குப் பல பத்து வோல்ட் அனுப்பிவிடும். அதற்கு, எகிறும் மின்னழுத்தத்தை அடக்கும் சப்ரசர் டையோடும், மின்சாரம் எடுக்கும் இடத்திலேயே ஒரு ஃபியூஸும் கட்டாயம். ரிலே சுருளின் குறுக்கே 1என்4007 டையோடு போட மறக்காதீர்கள்.

கேள்வி (மர்பி டவுன்): ரிலேயை எந்த ஒயரில் வெட்டிப் போடுவது? இக்னிஷன் ஒயரிலேயே போட்டால் இன்ஜின் முழுவதும் நம் கட்டுப்பாட்டில் இருக்குமே?

பதில்: நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். மேக்ரி சர்க்கிள் சரிவில் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, உங்கள் கருவி திடீரென உறைகிறது, ரிலே விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நிற்கும், ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்குக்கான வேக்குவம் உதவியும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். திருடன் வருவதைவிட இது மோசம். ஓடும் இன்ஜினை நிறுத்தும் வல்லமை உங்கள் கருவிக்கு இருக்கவே கூடாது.

முதல் வெட்டு ஸ்டார்ட்டர் சொலினாய்டுக்கு (ஸ்டார்ட்டரை இயக்கிவிடும் மின்காந்தச் சுவிட்ச்) போகும் ஒயரில் இருக்கட்டும். கார் ஒயரிங் வரைபடங்களில் அதற்கு 50 என்று எண். கார் ஓடத் தொடங்கிய பிறகு அந்த ஒயருக்கு வேலையே இல்லை, ஆகவே கருவி செத்தாலும் வண்டி ஓடும். இந்த ஒயரில் மின்னோட்டம் அதிகம். கீபேட் கிட்டோடு வரும் நீல நிறச் சிறு ரிலே தாங்காது. 30 ஆம்பியர் கார் ரிலே வேண்டும்.

கேள்வி (பழைய மாருதி 800 உரிமையாளர், விவேக் நகர்): ஸ்டார்ட்டரை மட்டும் வெட்டினால், இக்னிஷன் ஒயரைச் சேர்த்துவிட்டு, தள்ளியே வண்டியைக் கிளப்பிவிட மாட்டார்களா?

பதில்: கிளப்பிவிடுவார்கள், ஐயா. கியர் வண்டிக்கு அது பெரிய வேலையே இல்லை. அதனால் இரண்டாவது வெட்டு தேவை. எலக்ட்ரிக் பம்ப் உள்ள காரில் பெட்ரோல் பம்ப் ரிலேயின் சுருளுக்குப் போகும் ஒயரிலும், உங்களுடையது கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரிலும் அது வரவேண்டும். ஓடும்போது நிற்கக் கூடாது என்ற விதியை இங்கே காப்பாற்ற ஒரு வழி உண்டு. ரிலேயின் அடியில் உள்ள உலோகக் கால்களுக்கு எண் உண்டு: சுவிட்ச் இருப்பது 30க்கும் 87க்கும் இடையில், 86 சுருளின் ஒரு முனை. 30ஆம் காலை இக்னிஷன் போட்டால் உயிர்பெறும் ஒயரில் கொடுங்கள். 87ஆம் காலிலிருந்து ஒரு கிளையை அதன் சொந்தச் சுருளுக்கே, 86க்கு, திருப்புங்கள். கன்ட்ரோலர் ஒரு டையோடு வழியாக 86க்கு ஒரு நொடி மின்சாரம் கொடுத்தால் போதும், ரிலே தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். அதன்பின் கன்ட்ரோலரைக் கழற்றி எடுத்தாலும் விடாது. சாவியைத் திருப்பி அணைத்தால்தான் விடும். ஆடியோ, சிகரெட் லைட்டருக்கான ஒயரில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஸ்டார்ட்டர் சுழலும்போது அது செத்துவிடும்.

கேள்வி (சிவாஜிநகர்): நான்கு இலக்க எண் போதுமா?

பதில்: மொத்தம் 10,000 எண்கள். ஒன்றுக்கு 5 நொடி என்றால் 14 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்துவிடலாம். மூன்று தவறுக்கு ஒருமுறை 5 நிமிடம் பூட்டினால் அது 11 நாளைத் தாண்டிவிடும். தவறுகளின் கணக்கை ஈபிராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) எழுதிவையுங்கள், இல்லையென்றால் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியே கணக்கை அழித்துவிடுவார்கள்.

விரல் பட்டுத் தேய்ந்த பொத்தான்களையும் யோசியுங்கள். நான்கு பொத்தான்கள் மட்டும் பளபளத்தால் 24 வரிசைகள்தான் மிச்சம். மூன்று மட்டும் தேய்ந்திருந்தால், எது இருமுறை வருகிறது என்பது தெரியாததால் 36 ஆகும். ஓர் இலக்கத்தைத் திரும்பப் பயன்படுத்துவதே நல்லது.

ஆனாலும், விஷயம் தெரிந்தவன் எண்ணைத் தேடமாட்டான். டாஷ்போர்டுக்குக் கீழே கைவிட்டு ரிலேயைப் பிடித்து, 30ஐயும் 87ஐயும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவான். உண்மையான பூட்டு ரிலே இருக்கும் இடம்தான். கீபேட் அருகே வைக்காதீர்கள். கம்பெனி ஒயர்க் கட்டுக்குள்ளேயே நுழைத்து, அதே கறுப்பு டேப்பைச் சுற்றி, சிவப்பும் மஞ்சளுமான புதிய ஒயர் கண்ணில் படாமல் செய்யுங்கள். ஆறு இலக்கம் வைப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): வேலை நிமித்தம் ஊருக்குப் போனால் கார் இரண்டு வாரம் அடுக்ககத்தில் நிற்கும். பேட்டரி இறங்குமா?

பதில்: ஆர்டுயினோ ஊனோ பலகை சும்மா இருந்தாலே சுமார் 50 மில்லி ஆம்பியர் இழுக்கும். நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி; இரண்டு வாரத்தில் 17 ஆகிவிடும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி. பலகை இல்லாமல் கன்ட்ரோலர் சிப்பை மட்டும் தனியாக எடுத்து உறக்க நிலையில் வைத்து, பொத்தான் அழுத்தினால் விழிக்கச் செய்யுங்கள்.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): என் கார் புதியது, சாவியிலேயே இம்மொபிலைசர் சிப் (அது இல்லாத சாவியால் இன்ஜின் கிளம்பாது) இருக்கிறது. எனக்கும் இது தேவையா?

பதில்: சிப் உள்ள சாவியைச் செருகித் திருப்பும் கார் என்றால் வேண்டாம். வாரண்டி உள்ள வண்டியின் ஒயரை வெட்டவும் வேண்டாம். சாவியைப் பையில் வைத்துக்கொண்டே பட்டனை அழுத்தும் கார் என்றால் யோசிக்கலாம். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை இருவர் கருவிகளோடு நின்று கார் வரை கடத்தும் முறை ஒன்று உண்டு. அதற்கு எண் நல்ல தடை. டெஸ்லா 2018இல் தன் கார்களின் திரையிலேயே அப்படி ஓர் எண்ணைக் கேட்கும் வசதி கொண்டுவந்தது.

கேள்வி (அல்சூர்): எஸ்.பி. ரோட்டில் ரிலே வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஐந்து கால் ரிலேக்களில் இரு வகை உண்டு, வெளியே ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் நடுக்கால் 87ஏ, மின்சாரம் இல்லாதபோது மூடியிருப்பது. மற்றதில் நடுவிலும் 87தான். அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். முன்னதன் நடுக்காலில் 50ஆம் ஒயரைக் கொடுத்துவிட்டால், எண் அழுத்தாதபோதுதான் கார் கிளம்பும்.