டிவிடெண்ட் வருமானத்தை மட்டும் நம்பி 45 வயதில் வேலையை விடலாமா?

கேள்வி கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இது: வயது 36. கோவையில் சொந்த வீடு. மாதச் செலவு 50,000 ரூபாய். பங்குகளிலும் மியூச்சுவல் ஃபண்டிலும் சேர்த்து 60 லட்சம் இருக்கிறது, மாதாமாதம் இன்னும் 60,000 போட முடியும். 45 வயதில் வேலையை விட்டுவிட்டு, டிவிடெண்டை, அதாவது கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணத்தை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்தலாமா என்று கேட்கிறார்.

45-ல் டிவிடெண்டை மட்டும் வைத்து முடியாது. 50-ஐ ஒட்டி, பக்கத்தில் வேறு ஏற்பாடும் இருந்தால் முடியும். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவன். ஐம்பதைத் தொடும் முன்பே விலகிவிட்டேன். இன்று எங்கள் வீட்டுச் செலவில் பெரும்பகுதி டிவிடெண்டில்தான் ஓடுகிறது. அதனால் இது நடக்காத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கான கணக்கைப் பெரும்பாலானவர்கள் போடும் விதம் சரியில்லை.

வழக்கமான கணக்கு இப்படிப் போகும். வருடத்துக்கு 6 லட்சம் வேண்டும். 6 சதவீதம் டிவிடெண்ட் கொடுக்கிற பங்குகளில் ஒரு கோடியைப் போட்டால் 6 லட்சம் வந்துவிடும், முடிந்தது வேலை. ஆனால் நிஃப்டி 50 என்கிற குறியீட்டில் உள்ள ஐம்பது பெரிய கம்பெனிகளைச் சேர்த்துப் பார்த்தால் டிவிடெண்ட் ஈல்டு, அதாவது பங்கு விலையில் டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்பது, 1.3 அளவில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் 6 லட்சத்துக்கு நாலரைக் கோடிக்கு மேல் வேண்டும். சரி, அப்படியானால் 6, 7 சதவீதம் காட்டும் பங்குகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் போதாதா? அங்கேதான் நிதானம் தேவை. திரையில் தெரியும் அந்தச் சதவீதம் போன வருடம் கொடுத்ததை வைத்துப் போட்டது. நாம் சாப்பிடப் போவது வரும் வருடத்தில்.

கோல் இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். டிவிடெண்ட் என்றதும் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் அதுதான். 2013-14 நிதியாண்டில் ஒரு பங்குக்கு 29 ரூபாய் கொடுத்தது. 2015-16-ல் 27.40. அதற்குப் பிறகு 19.90, 16.50, 13.10 என்று வருடா வருடம் இறங்கி, 2019-20-ல் 12 ரூபாய்க்கு வந்தது. பிறகு ஏறி, 2024-25-ல் 26.50. ஆயிரம் பங்கு வைத்திருந்த ஒருவர் 2014-ல் 29,000 ரூபாய் வாங்கியிருப்பார். பதினோரு வருடம் கழித்து வாங்கியது 26,500. அந்தப் பதினோரு வருடத்தில் பள்ளிக் கட்டணம், மருந்து, பால் எல்லாம் எங்கே போயின என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 12 ரூபாய் வந்த வருடத்தில் மனுஷன் என்ன செய்திருப்பார்? பங்கை விற்கலாம் என்றால், 2010-ல் 245 ரூபாய்க்கு வெளியான அந்தப் பங்கு 2020 அக்டோபர் கடைசியில் 120-க்கும் கீழே கிடந்தது. கம்பெனி திவாலாகவில்லை, மோசடி எதுவும் இல்லை. நிலக்கரி விலையும், தேவையும், பெரும்பங்கு வைத்திருக்கும் அரசின் முடிவும் மாறின, அவ்வளவுதான்.

சுரங்கத் தொழில் செய்யும் வேதாந்தா கம்பெனி இதைவிட வேகமான உதாரணம். 2022-23-ல் பங்குக்கு 101.50 ரூபாய். பங்கு விலையே முந்நூறை ஒட்டி இருந்த காலம் அது. ஈல்டு முப்பது சதவீதத்துக்கு மேல் காட்டியது. அடுத்த வருடம் 29.50.

2020 ஏப்ரலில் நடந்தது பலருக்கு மறந்துவிட்டது. கொரோனா தொடங்கியதும் ரிசர்வ் வங்கி, 2019-20 லாபத்திலிருந்து டிவிடெண்ட் கொடுக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. நன்றாக லாபம் பார்த்த வங்கிகளும் கொடுக்க முடியவில்லை. வங்கிப் பங்குகளை மட்டும் நம்பி வீட்டுச் செலவை ஓட்டியிருந்தவருக்கு அந்த வருடம் அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வந்திருக்காது. அதே 2020 நவம்பரில், 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்கள் பணம் பத்திரமாக இருந்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை, பங்கு மூலதனம் முழுவதும் ரத்து. தெரிந்த ஊர், தெரிந்த வங்கி என்பதற்காக ஒரே பங்கில் குவித்து வைக்காதீர்கள் என்று நான் யாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே என் கணக்கு வேறு மாதிரி. கையில் இருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் கடந்த பத்து வருடத்தில் என்ன டிவிடெண்ட் வந்தது என்று ஆண்டறிக்கையைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். போனஸ் (இலவசமாகக் கூடுதல் பங்கு தருவது), பங்குப் பிரிப்பு (ஒரு பங்கைப் பலவாக உடைப்பது) நடந்திருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பத்தில் மிக மோசமான வருடத்தின் தொகையை ஒவ்வொன்றுக்கும் எடுத்து, மொத்தமாகக் கூட்டுங்கள். அரிசி, பருப்பு, கரண்ட் பில், பள்ளி, மருத்துவக் காப்பீடு என்று தவிர்க்கவே முடியாத செலவுகள் அந்தக் கூட்டுத்தொகைக்குள் அடங்கினால் வேலையை விடலாம். போன வருடத் தொகையை வைத்துப் போட்ட கணக்கோடு இதை ஒப்பிட்டால் பாதிக்குக் கிட்டத்தில்கூட வந்து நிற்கும். பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணை வைத்து முடிவெடுத்தால் பிறகு ராத்திரி தூக்கம் வரும்.

பங்கைத் தேர்ந்தெடுப்பதில், இன்றைய ஈல்டை விட டிவிடெண்ட் வளர்கிறதா என்பதையே நான் பார்ப்பேன். ஐடிசி 2016-17-ல் பங்குக்கு 4.75 ரூபாய் கொடுத்தது. அப்போது விலை 280 ரூபாய் அளவில். ஈல்டு என்று பார்த்தால் ஒன்றே முக்கால் சதவீதம்கூட முழுசாக இல்லை, யாரும் சீந்த மாட்டார்கள். 2024-25-ல் அதே பங்குக்கு 14.35. அன்று போட்ட 280-க்கு அந்த வருடம் ஐந்து சதவீதத்துக்கு மேல் வந்தது. நடுவில் விலை பல வருடம் நகராமல் கிடந்தது, 2017 ஜூலையில் சிகரெட் மீதான வரியைக் கூட்டியதும் ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, எல்லாம் உண்மை. சிகரெட் கம்பெனி வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு, அது அவரவர் மனசாட்சி. நான் சொல்ல வருவது அந்த வளர்ச்சியை. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் செலவு இரண்டு மடங்காகிவிடும். 45-ல் வேலையை விடுபவர் எண்பது வயதுக்கும் மேல் இருந்து சாப்பிட வேண்டும். வளராத டிவிடெண்ட் அதற்கு ஈடுகொடுக்காது.

இன்றைய ஈல்டைத் துரத்தாமல் இருக்க உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: வரி. 2020 மார்ச் வரை டிவிடெண்டுக்கான வரியைக் கம்பெனியே கட்டிவிடும். அதற்குப் பிறகு அது நம் வருமானத்தோடு சேர்ந்து, நம் வரி அடுக்கில் போகிறது. நீங்கள் 30 சதவீத அடுக்கில் இருந்தால், வேலையில் இருக்கும் காலத்தில் வாங்கும் ஒவ்வொரு நூறு ரூபாய் டிவிடெண்டிலும் முப்பது ரூபாய்க்கு மேல் போய்விடும். தேவையே இல்லாத வயதில் டிவிடெண்டைத் துரத்தி, வரி கட்டி, மிச்சத்தை மறுபடி முதலீடு செய்வது வீண் சுற்று. வேலையை விட்ட பிறகு நிலைமை தலைகீழ். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடி கிடைப்பதால் டிவிடெண்டுக்கு வரி வராது. ஆனாலும் ஒரே கம்பெனியிலிருந்து வருடத்துக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். அந்த ஆண்டின் விதிப்படி, வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15ஜி படிவம் கொடுத்துத் தப்பிக்கலாம் என்றால், அறுபது வயதுக்குக் கீழே உள்ளவருக்கு அந்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பான 4 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 6 லட்சம் டிவிடெண்ட் வாங்குபவர் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து, ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அந்தப் பணம் பல மாதம் கைக்கு வராது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இனி யாருமே பேசாத ஒரு விஷயம், மாதங்கள். சம்பளம் மாதம் ஒரு தடவை வரும். டிவிடெண்ட் அப்படி வராது. நம் ஊர்க் கம்பெனிகளில் பெரும்பாலானவை மார்ச்சில் கணக்கை முடித்து, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் பொதுக்குழுவைக் கூட்டி, இறுதி டிவிடெண்டைக் கொடுக்கும். இடைக்கால டிவிடெண்ட் என்று நவம்பரை ஒட்டியும், பிப்ரவரி மார்ச்சிலும் கொஞ்சம் வரும். ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் பாஸ்புக்கில் ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வரவாக இருக்கும்: 840, 2,115, 376 என்று. ஏப்ரல், மே, டிசம்பரில் அந்தக் கணக்கில் வரவே இருக்காது. ஆனால் பள்ளிக் கட்டணம் ஏப்ரல் மே மாதத்தில்தான் கேட்பார்கள்! மழை நாலு மாதம் பெய்கிறது, பாசனம் வருடம் முழுக்க வேண்டும், அதனால்தான் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள். இங்கேயும் ஒரு ஏரி வேண்டும். டிவிடெண்ட் வருவதற்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்திருக்கிறேன். எவ்வளவு வந்தாலும் அதிலேயே தங்கும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, வீட்டுக் கணக்குக்கு ஒரே தொகை தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பின்னால் இரண்டு வருடச் செலவு எஃப்.டி.யில் கிடக்கிறது. 2020 மாதிரி ஒரு வருடம் வந்தால் அதுதான் சோறு போடும். எந்த மாதம் எவ்வளவு வந்தது என்று வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை.

டிவிடெண்ட் இலவசப் பணம் இல்லை என்று சிலர் வாதம் செய்வார்கள். சரிதான். 50 ரூபாய் டிவிடெண்ட் என்றால், அதற்கான தேதியில் பங்கு விலை ஏறக்குறைய அந்த அளவு இறங்கித்தான் தொடங்கும். ஆனாலும் எனக்கு டிவிடெண்ட் பிடிக்கும். சந்தை முப்பது சதவீதம் விழுந்து கிடக்கிற மாதத்தில், செலவுக்காக எதையும் விற்க வேண்டியதில்லை. பங்குகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. அந்த நிம்மதிக்கு ஒரு மதிப்பு உண்டு. மியூச்சுவல் ஃபண்டில் வரும் டிவிடெண்டை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அது உங்கள் யூனிட்டின் மதிப்பிலிருந்தே எடுத்துத் தருவது, எவ்வளவு எப்போது என்பதும் ஃபண்ட் நிறுவனத்தின் விருப்பம். ஃபண்டில் இருந்தால், டிவிடெண்ட் தராமல் லாபத்தை உள்ளேயே வளரவிடும் வளர்ச்சித் திட்டத்தில் வைத்து, தேவையானபோது தேவையான அளவு விற்று எடுப்பது மேல்.

பத்துப் பன்னிரண்டு சதவீதம் தருகிறது என்று இன்விட் (மின்பாதை, சாலை போன்றவற்றின் வருமானத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துத் தரும் அறக்கட்டளை) பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பவர்கிரிட் இன்விட் 2021-ல் யூனிட் 100 ரூபாய்க்கு வந்தது. காலாண்டுக்கு 3 ரூபாய் ஒழுங்காகக் கொடுத்து வந்தது, ஆனால் அந்த 3 ரூபாய் வளரவில்லை. யூனிட் விலையும் பிறகு 100-க்குக் கீழே இறங்கியது. கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம், அதையே தூணாக நினைக்க வேண்டாம்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். முதலீடு வருடத்துக்கு 10 சதவீதம் வளரும் என்று வைத்துக்கொள்கிறேன். இது என் ஊகம்தான், உத்தரவாதம் இல்லை. 45 வயதில் கையில் சுமார் 2.4 கோடி இருக்கும். செலவு 6 சதவீதம் ஏறினால் அன்றைக்கு மாதம் 84,000-க்கு மேல், வருடத்துக்குப் பத்து லட்சம். நல்ல பங்குகளாகத் தேர்ந்தெடுத்துச் சராசரி இரண்டரை சதவீதம் டிவிடெண்ட் வந்தால் 6 லட்சம். நாலு லட்சம் இடிக்கிறது. ஐம்பது வயது வரை இதே போல் போட்டு வந்தால் சுமார் 4.3 கோடி, செலவு 13.5 லட்சம், டிவிடெண்ட் பத்தே முக்கால் லட்சம். அந்த இடைவெளியை ஃபண்டிலிருந்து வருடத்துக்குக் கொஞ்சம் விற்று அடைத்துவிடலாம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 45-லேயே வெளியே வரத்தான் வேண்டும் என்றால், வருடம் நாலு லட்சம் வருகிற மாதிரி, மனசுக்குப் பிடித்த ஒரு சின்ன வேலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நானும் விலகிய புதிதில் இரண்டு சின்னத் தொழிற்கூடங்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுத்தேன்.

ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன் குடும்பத்துக்கே சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள், கம்பெனி காப்பீடு கடைசி நாளோடு போய்விடும். கிரெடிட் கார்டு, தேவைப்பட்டால் வீட்டுக் கடன், எல்லாம் சம்பளச் சீட்டு இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். டிவிடெண்ட் வருமானத்தைக் காட்டிக் கடன் கேட்டால் மேலாளர் முகத்தைத்தான் பார்ப்பார்.

அப்புறம், உங்கள் மனைவியை உட்கார வைத்து டீமேட் கணக்கு, நாமினி, டிவிடெண்ட் வரும் வங்கிக் கணக்கு மூன்றையும் காட்டிவிடுங்கள். ஏழு வருடம் தொடர்ந்து யாரும் வாங்காமல் கிடக்கும் டிவிடெண்டும், அதற்குரிய பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். திரும்ப வாங்க வழி உண்டு, ஆனால் படிவம், சான்று, அலைச்சல் என்று நாள் இழுக்கும். வங்கிக் கணக்கை மாற்றினால் டீமேட்டிலும் அன்றே மாற்றுங்கள்.

பத்து வருட டிவிடெண்டை எழுதி முடித்ததும், மோசமான வருடங்களின் கூட்டுத்தொகை எவ்வளவு வந்தது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அதை வைத்து 45-ஆ, 48-ஆ, 50-ஆ என்று சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.