புதிய முதலாளிக்கு இன்னொரு கிளப்பும் இருந்தால்...

கேள்வி: இங்கிலாந்தில் கீழ்ப் பிரிவில் ஆடும் ஒரு கால்பந்து கிளப்பின் ஆதரவாளர் சங்கத்துக்கு நான் பொருளாளர். கிளப்பில் எங்களுக்கு 6 சதவீதப் பங்கு இருக்கிறது. இப்போது 40 சதவீதத்தை வாங்க ஒருவர் வருகிறார். பெல்ஜியத்தில் ஒரு கிளப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. இங்கே ஏற்கெனவே உள்ள இயக்குநர் ஒருவரின் தம்பிதான் மைதானத்தில் உணவுக் கடைகளை நடத்துகிறார். கேட்டால், “எல்லாம் சட்டப்படிதான்” என்கிறார்கள். எதைப் பார்த்து நாங்கள் பயப்பட வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?
– ஒரு வாசகர், குரோய்டன், லண்டன்

பதில்: நீங்கள் சொன்ன இரண்டுமே, அவை இருப்பதால் மட்டும் குற்றமாகிவிடாது. அதனால் “சட்டப்படிதான்” என்ற பதில் பொய்யல்ல. ஆனால் அது உங்கள் கேள்விக்கான பதிலும் அல்ல. ஒரே ஆள் இரண்டு இடங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறார்; ஒரு நாள் அந்த இரண்டும் மோதும்போது முடிவெடுப்பது யார்? அவரேதான் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் கிளப்புக்குப் பாதுகாப்பு இல்லை. கிரிக்கெட் விவகாரத்தில் நம் பத்திரிகைகள் இதைத்தான் ‘இரட்டை ஆதாயம்’ என்று எழுதின. வாரிய நிர்வாகிகள் ஐபிஎல் அணிகளை வைத்துக்கொள்ள வழிவிட்ட விதித் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் ரத்து செய்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

கால்பந்தில் இதன் விலை என்ன என்பதை உங்கள் குரோய்டனிலேயே பார்த்தீர்கள். 2025 மே 17 அன்று வெம்ப்ளியில் எபெரெச்சி எஸே 16-வது நிமிடத்தில் அடித்த ஒரே கோலில் கிரிஸ்டல் பேலஸ் மான்செஸ்டர் சிட்டியை வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. அந்த கிளப்பின் வரலாற்றில் முதல் பெரிய கோப்பை. அதோடு ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீகில் ஆடும் உரிமையும் வந்தது. ஆனால் பேலஸில் பெரும் பங்கு வைத்திருந்த ஜான் டெக்ஸ்டரின் நிறுவனத்திடம்தான் பிரான்ஸின் லியோன் கிளப்பும் இருந்தது. லியோனும் அதே போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தது. ஒரே போட்டியில் ஆடும் இரண்டு கிளப்புகளிலும் ஒருவருக்கே தீர்மானகரமான செல்வாக்கு இருக்கக் கூடாது என்பது ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் விதி. அதைச் சரிசெய்யக் கெடு 2025 மார்ச் 1. பேலஸ் கோப்பையை வெல்லும் முன்பே கெடு முடிந்துவிட்டது. டெக்ஸ்டர் பிறகு பங்கை விற்றார், பயனில்லை. தங்கள் நாட்டு லீகில் லியோன் 6-வது இடம், பேலஸ் 12-வது இடம். மேலே இருந்த லியோனுக்கே யூரோப்பா இடம் போனது. பேலஸ் அதற்கும் கீழ்நிலையான கான்ஃபரன்ஸ் லீகுக்கு இறக்கப்பட்டது. விளையாட்டு நடுவர் மன்றமும் ஆகஸ்டில் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. ஆட்டக்காரர்களும் பயிற்சியாளரும் தவறே செய்யவில்லை. பங்குப் பத்திரத்தில் இருந்த ஒரு பெயருக்காக அவர்கள் தண்டனை அனுபவித்தார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

அதே நேரத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் உரிமையாளர் எவாஞ்சலோஸ் மரினாகிஸுக்கு கிரீஸின் ஒலிம்பியாகோஸும் சொந்தம். அவர் ஃபாரஸ்ட் பங்குகளை ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் ஒப்படைத்து, கட்டுப்பாட்டிலிருந்து விலகியதாகப் பதிவு செய்தார். பேலஸ் இழந்த யூரோப்பா இடம் கடைசியில் ஃபாரஸ்டுக்கே போனது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தால் வீடு கைமாறிவிடுமா என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விதி அதை ஏற்கிறது. ஆகவே வருகிறவரிடம் முதல் கேள்வி இதுதான்: “இரண்டு கிளப்புகளும் ஒரே போட்டியில் சந்திக்க நேர்ந்தால் எந்தப் பங்கை, எந்தத் தேதிக்குள் விடுவீர்கள்?” கீழ்ப் பிரிவு கிளப்புக்கு இது தூரத்துக் கனவு என்று நினைக்க வேண்டாம். இன்று அவர் எழுதித் தர மறுத்தால் நாளை யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இந்த விதி ஏன் வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1997-98 பருவத்தில், தங்கள் நாட்டுக் கோப்பையை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டியில் கால் இறுதிக்கு வந்த எட்டு அணிகளில் மூன்று (ஏ.இ.கே. ஏதென்ஸ், ஸ்லாவியா பிராக், விசென்சா) எனிக் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. யாரும் ஆட்டத்தை விற்கவில்லை. ஆனாலும் 1999-ல் நடுவர் மன்றம் யூஃபாவின் தடையை உறுதி செய்தது. ஆட்டம் நேர்மையாக நடந்தால் போதாது, பார்க்கிறவர் மனத்தில் சந்தேகம் எழக் கூடாது என்பதே அதன் சாரம்.

உங்களுக்கு உடனடி ஆபத்து ஐரோப்பாவில் இல்லை. ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதில் இருக்கிறது. உங்கள் அகாடமியில் வளர்ந்த பையனை ‘அனுபவத்துக்காக’ பெல்ஜியத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து அவன் நல்ல விலைக்குப் போகும்போது பணம் எந்தக் கிளப்பில் விழும்? அல்லது அங்கே வேண்டாதவர்களின் சம்பளத்தை நீங்கள் சுமப்பீர்கள். ஒரே உரிமையாளரின் கிளப்புகளுக்கு இடையே கடன் முறையில் ஆட்டக்காரர்களைப் பெறுவதைத் தற்காலிகமாகத் தடுக்க பிரீமியர் லீக் கிளப்புகள் 2023 நவம்பரில் வாக்கெடுத்தன. ஆதரவு 13, எதிர்ப்பு 7, தேவைப்பட்டது 14. ஒரே ஒரு வாக்கில் தோற்றது. அந்த உயரத்திலேயே நிலை இதுவென்றால், உங்கள் மட்டத்தில் ஒப்பந்தம்தான் உங்களைக் காக்க வேண்டும். சகோதர கிளப்புடனான ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வெளியாள் ஒருவரின் மதிப்பீடு வேண்டும், வருகிறவர் தரப்பு இயக்குநர்கள் அதில் வாக்களிக்கக் கூடாது என்று பங்குதாரர் உடன்படிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது மைதானம். இதில்தான் என் தூக்கம் கெடுகிறது. ஷெஃபீல்ட் வென்ஸ்டே தன் ஹில்ஸ்பரோ மைதானத்தை உரிமையாளர் டெஜ்ஃபோன் சான்சிரியின் நிறுவனத்துக்கே சுமார் 6 கோடி பவுண்டுக்கு விற்றது. டெர்பி கவுன்டி தன் பிரைட் பார்க்கை உரிமையாளர் மெல் மோரிஸின் நிறுவனத்துக்கு சுமார் 8 கோடி பவுண்டுக்கு விற்றது. வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றிய பணம், கணக்கில் லாபமாகத் தெரிந்தது. வென்ஸ்டே அந்த விற்பனையைத் தவறான ஆண்டுக் கணக்கில் காட்டியதாகத் தீர்ப்பாகி 12 புள்ளிகள் பறிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. 2021 மே 8, பருவத்தின் கடைசி நாள், பிரைட் பார்க்கில் இந்த இரண்டு கிளப்புகளுமே மோதின. 3-3. டெர்பி 44 புள்ளிகளோடு தப்பியது. 41 புள்ளிகளோடு வென்ஸ்டே கீழிறங்கியது. அந்த ஆறு புள்ளிகள் கையில் இருந்திருந்தால் 47. அடுத்த பருவத்தில் டெர்பியும் நிதி நெருக்கடியில் 21 புள்ளிகளை இழந்து கீழிறங்கியது. இரண்டு இடத்திலும் விற்றவரும் வாங்கியவரும் ஒருவரே. ‘இந்த விலை கிளப்புக்கு நல்லதா’ என்று கேட்க மேசையின் மறுபக்கத்தில் யாரும் இல்லை.

2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டத்தின்படி, முதல் ஐந்து பிரிவுகளில் உள்ள ஆண்கள் கிளப்புகள் மைதானத்தை விற்கப் புதிய ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் தேவை. நல்லதுதான். இயக்குநருக்கோ அவருடன் தொடர்புடைய நிறுவனத்துக்கோ 1 லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள சொத்தை விற்றால் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும் என்று 2006-ம் ஆண்டு கம்பெனிச் சட்டமும் சொல்கிறது. ஆனால் பெரும்பான்மைப் பங்கு அவரிடமே இருந்தால் அவரே வாக்களித்து நிறைவேற்றிக்கொள்ளலாம். தீர்மானம் உங்கள் முன் வரும், நீங்கள் கேள்வி கேட்கலாம்; அவ்வளவுதான்.

தம்பியின் உணவுக் கடைக்கு வருகிறேன். நம் வீடுகளில் தம்பியின் லாபம் அண்ணனுக்கு அந்நியமானதல்ல. ஆனால் கம்பெனிச் சட்டத்தின் ‘தொடர்புடையவர்’ பட்டியலில் துணைவர், பிள்ளைகள், பெற்றோர் இருக்கிறார்கள், உடன்பிறந்தவர் இல்லை! “சட்டப்படிதான்” என்று அவர்கள் தைரியமாகச் சொல்வது ஒருவேளை இதை நம்பித்தான். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு கடமை உண்டு: கிளப் செய்யும் ஒப்பந்தத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ தனக்கு ஆதாயம் இருந்தால் இயக்குநர் அதைச் சக இயக்குநர்களிடம் அறிவிக்க வேண்டும். தம்பியின் கடையில் அண்ணனுக்குப் பங்கோ கடனோ ஜாமீனோ இருக்கிறதா? கடைசியாக டெண்டர் விட்டது எப்போது? வேறு யார் விலை கொடுத்தார்கள்? புதுப்பித்த கூட்டத்தில் அண்ணன் வெளியே போனாரா? நான்கும் ஒரே கடிதத்தில் அடங்கும்.

தாள்களைப் பார்க்கப் பழகுங்கள். கம்பெனிப் பதிவேடு இணையத்தில் இலவசம். கிளப்பின் பெயரைப் போட்டால் 25 சதவீதத்துக்கு மேல் கட்டுப்பாடு யாரிடம் என்று தெரியும். இயக்குநரின் பெயரைச் சொடுக்கினால் அவர் இருக்கும் மற்ற நிறுவனங்கள் வரிசையாக வரும். அடமானப் பகுதியைத் தவறாமல் திறங்கள்: கிளப்புக்குக் கடன் கொடுத்தவர் மைதானத்தை ஈடாக எழுதி வாங்கியிருந்தால் அங்கேதான் இருக்கும். சிறிய கம்பெனிகள் பதிவேட்டுக்குச் சுருக்கக் கணக்கைத்தான் அனுப்பும். ஆனால் பங்குதாரர்களுக்கு அனுப்பும் ஆண்டுக் கணக்கின் பிரதி உங்களுக்கும் வந்தாக வேண்டும். வரவில்லையென்றால் எழுதிக் கேளுங்கள். அதில் ‘தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள்’ என்ற குறிப்பு இருந்தால் அதிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளப்பின் கணக்கைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் இரண்டே வரி: புல்தரைப் பராமரிப்புக்காக இயக்குநர் ஒருவரின் நிறுவனத்துக்குப் பணம். தொகை பெரிதல்ல. பில்களை வாங்கிப் பார்த்தேன். கோடையில் தரை முழுவதையும் தோண்டிப் போட்டிருந்த இரண்டு மாதங்களுக்கும் புல் வெட்டிய கூலி இருந்தது. மற்ற இயக்குநர்கள் எல்லோரும் அந்த பில்களில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். யாரும் படிக்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். புதியவர் உங்கள் சங்கத் தலைவருக்கு இயக்குநர் பதவி தருவார். கூடவே ஆலோசகர் கட்டணமும் வரலாம். பதவியை ஏற்கலாம், கட்டணத்தை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இயக்குநரானதும் அவருடைய சட்டக் கடமை கிளப்பிடம். கூட்டத்தில் கேட்டதையெல்லாம் சங்கத்தில் சொல்ல முடியாது. அதனால் சங்கத்தின் பேரம் பேசுபவர் வேறொருவராக இருக்கட்டும். சிறு தொகைதானே என்று விடாதீர்கள். நான் மேலே சொன்ன புதிய கால்பந்து ஒழுங்குமுறை அமைப்பின் தலைவராக டேவிட் கோகனை நியமித்த அமைச்சர் லிசா நாண்டி, 2020-ல் தன் கட்சித் தலைமைத் தேர்தலுக்குக் கோகன் தந்த 2,900 பவுண்டை அறிவிக்கத் தவறியது விதிமீறல் என்று 2025 நவம்பரில் பொதுப் பதவி நியமனங்களுக்கான ஆணையர் கண்டறிந்தார். தெரியாமல் நேர்ந்தது என்றும் அறிக்கை சொன்னது. முன்பே ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

உங்கள் 6 சதவீதத்தைக் குறைவாக எண்ண வேண்டாம். 5 சதவீத வாக்குரிமை இருந்தாலே பொதுக்கூட்டம் கூட்டும்படி இயக்குநர்களைச் சட்டப்படி கோரலாம். புதிய பங்குகளை வெளியிட்டுத்தான் அவருக்கு 40 சதவீதம் தருகிறார்கள் என்றால் உங்கள் 6, சுமார் மூன்றரையாகச் சுருங்கி அந்த உரிமை போய்விடும். யாருடைய பங்கை அவர் வாங்குகிறார் என்று இந்த வாரமே கேளுங்கள். அதோடு, மைதானத்தைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பட்டியலிட 2011-ம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் கீழ் உங்கள் கவுன்சிலுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் கவுன்சில் முடிவெடுக்க எட்டு வாரம் ஆகும்; அவர் கையெழுத்துப் போடும் தேதியை விசாரித்து, அதற்கு முன் எட்டு வாரம் எஞ்சியிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.