ரெண்டு தடவை ஃபார்மட் செய்தும் அணைந்துபோகும் கணினி: மதர்போர்டுதான் காரணமா?

கேள்வி: 5 வருடப் பழைய டெஸ்க்டாப். போட்டு அரை மணி நேரத்தில் பட்டென்று அணைந்துவிடுகிறது. உடனே மறுபடி போட்டால் 5 நிமிடம்கூடத் தாங்குவதில்லை. கடையில் 2 தடவை ஃபார்மட் செய்தார்கள். இப்போது மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பாதி விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆறியபின் போட்டால் அரை மணி நேரம் ஓடுகிறது, சூட்டோடு போட்டால் 5 நிமிடம்தான் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டைத்தான். ப்ராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், அதற்கும் அடங்காவிட்டால் தான் கருகிப் போகாமலிருக்கக் கணினியையே அணைத்துவிடும். அதனால்தான் திரையில் ஒரு வார்த்தைகூட வராமல் போகிறது. இதற்குப் போய் ஃபார்மட், அதுவும் 2 தடவை!

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறங்கள். ப்ராசஸர் மேல் இருக்கும் ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் அடியில் ஹீட் சிங்க் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பகுதி) தகடுகளுக்கு நடுவே தூசி சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி அப்பிக் கிடக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மெல்லிய பிரஷ்ஷால் எடுத்துவிட்டு ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழன்றால் அதுவும் கெடும். ப்ராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள், போதும். கை நடுங்குகிறது என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் கடையில், உங்கள் கண் எதிரே செய்யச் சொல்லுங்கள்.

அப்புறமும் அணைந்தால் அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. நன்றாக ஓடும் வேறொன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதை மட்டும் பிரிக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் மதர்போர்டைப் பற்றிப் பேசவே வேண்டும். நீலத்திரை (விண்டோஸ் பிழைச் செய்தி காட்டும் திரை) வந்து அணைந்தால் கதை வேறு, அது பெரும்பாலும் ரேம் அல்லது டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்).

கடைக்காரர் விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிவப்புச் சிவப்பாகக் காட்டினால் பயந்துவிடாதீர்கள். நன்றாக ஓடும் கணினியிலும் அங்கே சிவப்பு இருக்கும். ‘கெர்னல்-பவர் 41’ என்பதைக் காட்டித்தான் நிறையப் பேர் காசு பிடுங்குகிறார்கள். போன தடவை கணினி முறையாக அணைக்கப்படவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம், அது உங்களுக்கே தெரியும். திரை முழுக்க எச்சரிக்கை வந்து கூடவே ஒரு ஃபோன் நம்பரும் இருந்தால் அது மோசடி, உண்மையான நீலத்திரையில் கஸ்டமர் கேர் நம்பர் வராது. எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் வராதீர்கள். தயாரிப்பாளர்களையும் சொல்ல வேண்டும். ‘சூடு தாங்காமல் அணைத்தேன்’ என்று அடுத்த தடவை போடும்போது ஒரே ஒரு வரி காட்டினால் இந்தப் பிழைப்பில் பாதி படுத்துவிடும், ஆனால் பல கணினிகளில் அதுகூட இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்ன எதையும் செய்யாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, ஒரு படத்தைத் திறக்கவே நிமிடக்கணக்கில் திணறினாலோ, சோதனை, சுத்தம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். அந்த டிஸ்க் சாகும் நிலையில் இருக்கலாம், ஒவ்வொரு தடவை போடும்போதும் அதன் ஆயுளில் கொஞ்சம் போகிறது. ‘எர்ரர் செக்’ ஓட்டினால் சரியாகிவிடும் என்பார்கள், ஓட்டாதீர்கள், அந்த நேரத்தில் டிஸ்க் முழுவதையும் படிக்க வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். முதலில் குடும்பப் படங்கள், பத்திரங்களின் நகல்கள், மற்றவை அப்புறம் என்ற வரிசையில் வெளியே எடுத்துவிடுங்கள். அது சரி, 2 தடவை ஃபார்மட் செய்தார்களே, அதற்கு முன் உங்கள் படங்களை எங்கே எடுத்து வைத்தார்கள் என்று கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் இன்றே கேளுங்கள், அதுவரை அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள்.