மிட்டாய்ப் பை வேண்டாம், வணக்கம் போதும்

கேள்வி: ஏப்ரலில் தெற்கு ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டு மலைகளில் நான்கு நாள் நடைப்பயணம் போகிறோம். இரவுகளில் கிராமங்களில்தான் தங்கல். அங்குள்ள குழந்தைகளுக்கென்று ஒரு பை நிறைய மிட்டாய், பேனா வாங்கி வைத்திருக்கிறேன். ஊர் மக்களோடு பழக வேறென்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கோவை

பதில்: அந்தப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் மாலியாலியா பக்கம் நான் நடந்தபோது எங்கள் தலை தெரிந்ததுமே பிள்ளைகள் 'ஸ்வீட்ஸ், ஸ்வீட்ஸ்' என்று கத்திக்கொண்டு சரிவில் இறங்கி ஓடி வந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன பயணிகள் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. பேனா, நோட்டு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் வழியில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கையில் கொடுங்கள், யாருக்குத் தேவை என்று அவருக்குத் தெரியும்.

பழகுவதற்கு வணக்கம் போதும், நிஜமாகவே. எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும், கம்பளி போர்த்திக்கொண்டு ஆடு மேய்க்கும் பையனாக இருந்தாலும், நின்று 'டுமேலா' சொல்லவேண்டும். பெரியவர் என்றால் 'டுமேலா ந்தாதே', பெண்மணி என்றால் 'டுமேலா ம்மே'. ந்தாதே என்றால் அப்பா, ம்மே என்றால் அம்மா. முன்பின் தெரியாதவரையும் அம்மா என்று கூப்பிட்டே வளர்ந்த நமக்கு இது ஒட்டிக்கொள்ள ஒரு நாள்கூட ஆகாது. வணக்கம் சொல்லாமல் நேராக 'அருவிக்கு எப்படிப் போவது' என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். சொல்லிவிட்டுக் கேட்டீர்களானால் சிலர் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்து வழி காட்டிவிட்டுப் போவார்கள்.

பணம் கொடுக்கவேண்டிய இடத்தில் தாராளமாகக் கொடுங்கள். அந்த ஊர்க்காரரையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், மூட்டையைச் சுமக்க அவர்கள் குதிரையை வாடகைக்கு எடுங்கள், தங்கும் வீட்டிலேயே சாப்பாடும் சொல்லுங்கள். பெரும்பாலும் 'பாபா'தான் இருக்கும், மக்காச்சோள மாவில் கிண்டிய கெட்டிக் களி, தொட்டுக்கொள்ள 'மொரோஹோ' என்கிற கீரை. மலையேறிய பசிக்கு அதைவிட ருசியான சாப்பாட்டை நான் சொல்லமாட்டேன். உள்ளூர்ப் பணம் லோட்டி, தென்னாப்பிரிக்க ராண்டும் அதே மதிப்பில் செல்லும், சில்லறையாக எடுத்துப்போங்கள்.

போட்டோவுக்கு முன்னால் கேளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கேட்கவும் வேண்டாம்: ஊரை விட்டு ஒதுங்கி, வாலிபப் பருவச் சடங்குக்காக மலையில் தங்கவைக்கப்பட்ட இளைஞர்களைப் பார்க்க நேர்ந்தால் கேமராவை உள்ளே வைத்துவிட்டு, வழிகாட்டி சொல்கிற பக்கமாக விலகிப் போய்விடுங்கள். அது அவர்களுக்கு மட்டுமான இடம்.

ஏப்ரல் நல்ல மாதம். கோடையின் இடி மழை அடங்கியிருக்கும். ஆனால் நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே சுமார் 1,400 மீட்டர் உயரம், இரவில் நன்றாகக் குளிரும். ஸ்வெட்டரோடு நிறுத்திக்கொள்ளாமல் அங்கேயே ஒரு பசோத்தோ (அந்நாட்டு மக்களின் பெயர்) கம்பளி வாங்கிப் போர்த்திக்கொள்ளுங்கள். செமோன்கோங் பக்கம் போனால் 192 மீட்டர் நேர்க்குத்தாக விழும் மலெட்சுன்யானே அருவியைத் தவறவிடாதீர்கள். பள்ளத்தில் இறங்கி ஏற அரை நாளாவது ஒதுக்குங்கள்.

கேள்வி: லெசோத்தோவில் சில வீட்டு வாசல்களில் கம்பம் நட்டுக் கொடி கட்டியிருப்பதைப் படத்தில் பார்த்தேன். கட்சிக் கொடியா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: இல்லை, அது கடைப் பலகை. வெள்ளை என்றால் அன்று வீட்டில் சோளத்தில் காய்ச்சிய 'ஜ்வாலா' பீர் தயார், மஞ்சள் என்றால் மக்காச்சோள பீர், சிவப்பு என்றால் இறைச்சி, பச்சை என்றால் காய்கறி. சரக்கு தீர்ந்ததும் கொடியை இறக்கிவிடுவார்கள். குடிக்காதவராக இருந்தாலும் வழிகாட்டியோடு உள்ளே போய் உட்கார்ந்து பாருங்கள், ஊர்ப் பேச்செல்லாம் அங்கேதான் நடக்கிறது.