பூட்டிய காரில் விழித்திருப்பது எது?

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் காரை நிறுத்திவிட்டுப் பத்து நாள் திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தது. 'கேன் தூங்கவில்லை சார், கார் இருக்குமிடத்தை அறிய நீங்கள் மாட்டிய டிராக்கரைக் கழற்றுங்கள்' என்கிறார் மெக்கானிக். சாவியை எடுத்த பிறகும் உள்ளே எது விழித்திருக்கிறது?
— வாசகர் ஒருவர், பெங்களூரு

பதில்: மெக்கானிக் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். கதவு, பிரேக், எஞ்சின் ஆகியவற்றைக் கவனிக்கும் சிறு கணினிகள், பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'கேன்' என்னும் இரட்டைக் கம்பி இணைப்பின் வழியே பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு கணினிக்கும் கம்பிக்கும் நடுவே டிரான்சீவர் என்ற சிப் இருக்கிறது. காரைப் பூட்டிச் சற்று நேரமானதும் கணினி உறங்கிவிட, டிரான்சீவர் தன் அனுப்பும் பகுதியை அணைத்துவிட்டு, கம்பியைக் கவனிக்கும் சிறு பகுதியை மட்டும் இயங்க விடுகிறது. அதற்குப் பத்து, இருபது மைக்ரோ ஆம்பியர் போதும்; இருபது சிப்கள் சேர்ந்தாலும் அரை மில்லி ஆம்பியரைத் தாண்டாது. உங்கள் பேட்டரியைக் காலி செய்தது அதுவன்று.

எழுப்புவதற்கும் ஒரு முறை உண்டு. கம்பியில் 'டாமினன்ட்' (இரு கம்பிகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு உள்ள நிலை), 'ரிசெஸிவ்' (வேறுபாடு இல்லாத நிலை), மீண்டும் 'டாமினன்ட்' என்ற நிலைகள் இதே வரிசையில் வரவேண்டும். ஒவ்வொன்றும் சில மைக்ரோ வினாடியாவது நிலைக்கவேண்டும். மின் இரைச்சலில் தோன்றும் ஒற்றைத் துடிப்பை நம்பி யாரும் எழுந்துவிடக் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு. முறை பொருந்தினால், டிரான்சீவர், கணினிக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரை இயக்கிக் கணினியை எழுப்பும். ஆனால் வந்த செய்தி யாருக்கானது என்று சாதாரண டிரான்சீவர் பார்ப்பதில்லை. வாசல் மணி அடித்தால் வீடே எழுந்துகொள்வதுபோல, அந்தக் கம்பியில் உள்ள கணினிகள் எல்லாம் எழுந்துவிடும். தனக்குரிய செய்திக்கு மட்டும் எழும் சிப்களுக்கு 2013இல் ஐ.எஸ்.ஓ. 11898-6 என்ற தரம் வந்தது. எனினும் எல்லாக் கார்களிலும் அவை இல்லை.

இனி உங்கள் டிராக்கர். இத்தகைய டிராக்கரைப் பொதுவாக, மெக்கானிக் பழுதறியும் கருவியை மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகுவார்கள். அதன் 16ஆம் முனையில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும். 6, 14ஆம் முனைகள் கேன் கம்பிகள். டிராக்கர் மின்சாரம் எடுப்பதோடு நில்லாமல், அவ்வப்போது கேனில் கேள்வியும் கேட்டால், உறங்கப் போன கணினிகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. இப்படிச் சராசரியாக 300 மில்லி ஆம்பியர் செலவானால், நாளொன்றுக்கு 7.2 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் ஏறக்குறைய பாதி மூன்றே நாளில் போய்விடும்.

ஐயம் தீர அளந்து பாருங்கள். சன்னல் கண்ணாடியை இறக்கி, காரைப் பூட்டி, சாவியை வீட்டில் வைத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணையுங்கள். வயரைக் கழற்றி மாட்டியதாலேயே கணினிகள் எழுந்திருக்கும். அரை மணி நேரம் காத்திருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால், கதவைத் திறக்காமல், சன்னல் வழியே கைவிட்டு டிராக்கரை உருவி, இன்னும் அரை மணி கழித்துப் பாருங்கள். எண் இறங்கினால் வேறொரு டிராக்கர் வாங்குங்கள்; கேனைத் தொடாமல் மின்சாரம் மட்டும் எடுக்கும் வகையா என்று கடைக்காரரிடம் கேட்டபின் பணம் கொடுங்கள்.