மகள் கேள்வி எழுதுகிறாள், படிக்கிறாளா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: “மகள் நான்காம் படிவம். வரலாற்று டியூஷனில் ஆசிரியர் வாரம் ஐந்து பல்தேர்வுக் கேள்விகளைப் பிள்ளைகளையே எழுதச் சொல்கிறார். அப்புறம் தோழிகளோடு மாற்றிக்கொண்டு திருத்த வேண்டுமாம். கேள்வி தயாரிப்பது ஆசிரியரின் வேலை இல்லையா? தப்பாக எழுதினால் தப்பே மனத்தில் பதிந்துவிடாதா?”

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. மலேசியாவின் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் வரலாறு கட்டாயம் தேற வேண்டிய பாடம், விளையாட்டுக்கு இடமில்லை. ஆனாலும் அந்த ஆசிரியர் நல்ல வழியைத்தான் பிடித்திருக்கிறார். சரியாகச் செய்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி எழுதுவது சுலபம். பேராக் மாநில ஆட்சியில் பிரிட்டிஷார் நுழைய வழிவிட்ட ஒப்பந்தத்தைப் பற்றி, “பங்கோர் உடன்படிக்கை எந்த ஆண்டு?” என்று எழுதி, 1874 என்பதோடு வேறு மூன்று ஆண்டுகளைப் போட்டால் ஒரு நிமிட வேலை. அதில் படிப்பு ஒன்றும் இல்லை. தவறான மூன்று விடைகளை யோசிக்கும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. படித்தவர்கூட ஒரு நொடி தயங்க வேண்டும், ஆனால் அது தவறு என்று நிரூபிக்கவும் முடிய வேண்டும். பாடம் புரியாமல் அப்படி ஒரு விடையை எழுத முடியாது.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். “பங்கோர் உடன்படிக்கையால் பேராக்கில் ஏற்பட்ட மாற்றம் என்ன?” என்று ஒரு மாணவி எழுதினாள். மதமும் மலாய் வழக்கமும் தவிர மற்றவற்றில் சுல்தான், ரெசிடெண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்பது அவள் வைத்த சரியான விடை. தவறான விடைகளில் ஒன்று: “பேராக்கின் ஒரு பகுதி நீரிணைக் குடியேற்றத்தோடு சேர்ந்தது.” திருத்திய தோழி பென்சிலால் ஓரத்தில் எழுதினாள்: “இதுவும் சரிதானே? டிண்டிங்ஸ்?” இருவரும் பாடநூலைப் புரட்டினார்கள். தோழி சொன்னதுதான் சரி: பேராக்கின் டிண்டிங்ஸ் பகுதி அந்த உடன்படிக்கையால்தான் பிரிட்டிஷாரின் நீரிணைக் குடியேற்றத்தோடு சேர்ந்தது. பிறகு “ஒரு பகுதி” என்பதை “முழுவதும்” என்று மாற்றினார்கள். அந்த இருவருக்கும் டிண்டிங்ஸ் இனி மறக்காது. நான் பத்து முறை சொல்லியிருந்தாலும் இப்படிப் பதிந்திருக்காது.

தப்பு பதிந்துவிடுமோ என்ற பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. யாரும் பார்க்காமல் விட்டால் பதியும், மறுநாளே ஒரு தோழி பிடித்துவிட்டால் பதியாது. அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பாடநூலின் பக்க எண்ணும், மற்ற மூன்று விடைகளும் ஏன் தவறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியும் இருக்கட்டும். திருத்துபவர் விடையைப் பார்க்காமல் முதலில் தானே பதில் எழுத வேண்டும், கருத்து அப்புறம்தான். “நல்லா இருக்கு” என்று எழுதிக் கொடுப்பது திருத்தம் ஆகாது. இருவருக்கும் ஒத்துவராத கேள்வி ஆசிரியரிடம் போக வேண்டும். அவருடைய வேலை அங்கேதான் இருக்கிறது.

இது புதுமையும் அல்ல. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் டென்னி உருவாக்கிய பியர்வைஸ் இதையே இணையத்தில் செய்கிறது: மாணவர்கள் விளக்கத்தோடு கேள்வி எழுதுகிறார்கள், மற்றவர்கள் பதிலளித்து மதிப்பிடுகிறார்கள். கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்ப்பதன் பலனையும் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள்.

வாரம் ஐந்து எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. நன்றாக யோசித்த மூன்று போதும். பாடத்தை ஒரு முறை படித்த பிறகே எழுத வேண்டும். கைப்பேசியில் ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கிய கேள்வி வேண்டவே வேண்டாம், யோசிக்கும் வேலை முழுவதும் அதோடு போய்விடும். பழைய தேர்வுத்தாளையும் விட்டுவிடக் கூடாது. முதல் தாளின் 40 கேள்விகளை ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேகம் அதில்தான் வரும். இரண்டாம் தாளுக்கு எழுத்துப் பயிற்சி தனி.

பாடம் மலாயில் இருப்பதால் உதவ முடியவில்லையே என்று நினைக்காதீர்கள். இரவு சாப்பிடும்போது ஒரு கேள்வியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். “சரி, மத்த மூணும் ஏன் தப்பு?” என்று கேளுங்கள். அவள் தடுமாறும் விடைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு வாரம் கழித்து அதையே மறுபடி கேளுங்கள்.